காவேரியின் கை அளவு

வெங்கடம்மாளுக்கு முகங்கள் மறந்துபோகும். கைகள் மறக்காது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவள், "என்னா வளையக்காரம்மா, அடையாளம் தெரியிலயா?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். பிறகு, "கையைக் குடு பாக்கலாம்" என்பாள். ஐந்து விரலையும் கூட்டி, கட்டைவிரல் மேட்டை உள்ளே தள்ளி ஓர் அமுக்கு அமுக்கியதும் சொல்லிவிடுவாள்: "நீ குந்தாரப்பள்ளி மேட்டு வூட்டு சின்ன மருமக. ரெண்டரை அளவு. இடது கைக்கு மட்டும் சோப்புப் போடணும்." பஸ்ஸே சிரிக்கும்.

பதினேழு வயதில் கிருஷ்ணப்பனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கிருஷ்ணகிரி பழையபேட்டைக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து கண்ணாடி வளையல்தான் சோறு போட்டது. முதலில் மலாரத்தைக் கிருஷ்ணப்பன்தான் தூக்கினார். மலாரம் என்றால் கயிற்றுக் கயிறாகக் கோத்த வளையல்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டித் தோளில் போட்டுக்கொள்கிற சுமை. ஒருமுறை பஸ் கூரையிலிருந்து இறங்கும்போது விழுந்து அவருக்கு இடுப்பு போயிற்று. அதற்குப் பிறகு அவர் பேட்டையில் சின்னக் கடையில் உட்கார்ந்தார். மலாரம் அவள் தோளுக்கு வந்தது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், ஓசூர் தாண்டினால் கன்னடம். "எந்தப் பாஷையில 'ஐயோ வலிக்குது'ன்னு கத்தினாலும் எனக்குப் புரியும்" என்பாள்.

வளையல் போட்டுவிடுகிறவளுக்குத் தாலி வேண்டும். அது இல்லாதவளிடம் எந்த வீட்டுப் பெண்ணும் கையை நீட்ட மாட்டாள். அதனால் கிருஷ்ணப்பன் இரண்டு தும்மல் தும்மினால் வெங்கடம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்து பார்ப்பாள். "பொண்டாட்டிக்கு என் மேல எவ்வளவு பாசம்னு பாரு" என்று அவர் கேலி பேசுவார். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. போடும்போது வளையல் தெறித்தால், உடைந்தது என்று வாயால் சொல்வதில்லை. "பெருகிடுச்சு" என்பார்கள். மணமான பெண்ணின் கையிலிருக்கிற வளையலை வேண்டுமென்றே உடைப்பது என்றால் அது ஒரே ஒரு நாளைக்குத்தான், அந்த வேலைக்கு வேறு ஆட்கள் வருவார்கள். முப்பது வருஷத்தில் வெங்கடம்மாள் ஒரு கைவளையலையும் அப்படித் தொட்டதில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் சந்தையில் அவள் பிடித்த கையெல்லாம் சுட்டது. பேப்பரில் ஹாங்காங் காய்ச்சல் என்று போட்டிருப்பதாகக் கிருஷ்ணப்பன் சொன்னார். இருமலும் உடம்புவலியுமாக வீட்டுக்கு இரண்டு பேர் படுத்தார்கள். அவளும் படுத்தாள், அவரும் படுத்தார். ஐந்தாம் நாள் எழுந்து மிளகு ரசம் வைத்துக் குடித்தார்கள். அதோடு போயிற்று என்றுதான் நினைத்தாள்.

அவர்களுக்கு ஒரே மகள் காவேரி. இருபது வயது. குந்தாரப்பள்ளியிலிருந்து இரண்டு மைல் உள்ளே ஒரு ஊரில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை எல்லப்பன் பெங்களூருக்கு லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் தங்குவான். மாமியார் சாந்தம்மா வாய்த் துடுக்கு, ஆனால் மருமகளுக்குப் போட்டுவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள். எல்லப்பன் காய்ச்சலோடு வந்து இறங்கினான், மூன்றாம் நாள் காவேரிக்கும் கண்டது. அவளுக்கு ஆறு நாள் அடித்தது. காய்ச்சல் விட்டதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி விட்டோம் என்று சாந்தம்மா சொல்லியனுப்பினாள்.

பதினைந்து நாள் கழித்து வெங்கடம்மாள் மகளைப் பார்க்கப் போனாள். வாசலிலேயே சாந்தம்மா வழிமறித்துக் காதில் சொன்னாள்.

"சம்பந்தியம்மா, வெளிய சொல்லாத. நாள் தள்ளிப் போயிருக்குது. காலையில ஒமட்டறா. மூஞ்சியப் பாரு, நல்லா சதை புடிச்சிருக்குது. ரெண்டு வருஷமா நான் வேண்டாத சாமி இல்ல."

உள்ளே காவேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் உப்பி, கண்ணுக்குக் கீழே பளபளவென்று இருந்தது. காய்ச்சலில் பழைய வளையல்கள் போய் இரண்டுதான் மிச்சம். அவற்றைச் சோப்பு நுரை போட்டுக் கழற்றுவதற்குள் வெங்கடம்மாளுக்கு வேர்த்துவிட்டது. காவேரியின் கை ரெண்டே கால் அளவு. பதினாலு வயதிலிருந்து அதே அளவு. இப்போது ரெண்டே கால் விரல் முட்டியிலேயே நின்றது.

"தேறிட்டா என் பொண்ணு" என்றாள் வெங்கடம்மாள். மலாரத்தில் ரெண்டரைக் கயிற்றைத் தேடி, கைக்கு ஆறாகப் பச்சை வளையல் போட்டாள். போடும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம். வளைகாப்புக்கு என்ன நிறம் எடுப்பது என்றுகூட யோசித்தாள்.

"படுத்தா மூச்சு முட்டுதும்மா. உக்காந்துதான் தூங்கறன்" என்றாள் காவேரி.

"மொத மாசத்துல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் சாந்தம்மா. "ஊறுகா கேக்கறா. குடுக்கறன். வாய்க்குப் புடிச்சதைத் தின்னட்டும்."

வெங்கடம்மாளும் தலையாட்டினாள். இந்தத் தலையாட்டல்தான் பின்னால் அவளைப் படுத்தியெடுத்தது.

எட்டு நாள் கழித்து குந்தாரப்பள்ளிச் சந்தை. மாட்டுக்காரர்கள் கூச்சல் ஒரு பக்கம், புழுதி ஒரு பக்கம். வெங்கடம்மாள் புளிக்கடை வெள்ளையம்மா பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணி வாக்கில், சந்தைக்கு வந்த ஒரு மாட்டுவண்டியிலிருந்து சாந்தம்மாவும் காவேரியும் இறங்குவது தெரிந்தது. வண்டி நின்ற இடத்திலிருந்து சாக்கு வரைக்கும் முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடியில் காவேரி இரண்டு முறை நின்றாள். இரண்டாவது முறை இடுப்பில் கை ஊன்றி, வாயைத் திறந்து, கிணற்றிலிருந்து ஏறி வந்தவள்போல் மூச்சு வாங்கினாள்.

"நடக்கறதுக்கே சோம்பேறித்தனம் பாரு இவளுக்கு" என்று சாந்தம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். "அம்மாவைப் பாக்கணும்னு ஒரே அடம். வளையலு இறுக்குதாம். நீதான் போட்ட, நீயே மாத்திக் குடு."

"இப்பத்தான போட்டன்" என்று சொல்லிக்கொண்டே வெங்கடம்மாள் மகளின் கையைப் பிடித்தாள்.

கை குளிர்ந்திருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் அந்தக் கை நனைந்த துணிபோலக் குளிர்ந்திருந்தது. ரெண்டரை வளையல்கள் மணிக்கட்டில் அசையாமல் புதைந்து, இரண்டு பக்கமும் சதை பிதுங்கியிருந்தது. அவள் கட்டைவிரலால் புறங்கையை அமுக்கினாள். எடுத்தாள். குழி விழுந்தது. நிறையவில்லை. மாவில் விரல் வைத்ததுபோல அப்படியே நின்றது.

எட்டாம் மாசத்து வளைகாப்பில் வீங்கின கைகளை அவள் எத்தனையோ பிடித்திருக்கிறாள். அது எட்டாம் மாசம். இவளுக்கு இரண்டுகூட ஆகவில்லை.

வளையல் ஏற்றும்போது அவளுடைய கட்டைவிரல் தானாகப் போய் நிற்கிற இடம் ஒன்று உண்டு, மணிக்கட்டின் உள்பக்கம். அங்கே துடிப்பு ஓடுவது தெரியும். பயந்த பெண்ணுக்கு வேகமாக ஓடும். வலி பொறுக்கிறவளுக்கு நிதானமாக ஓடும். முப்பது வருஷமாக அதைக் கவனித்துக்கொண்டும் கவனிக்காமலும் இருந்திருக்கிறாள். இப்போது விரலை வைத்தாள். மூன்று துடிப்பு, எலி ஓடுகிறதுபோல. பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு ஒன்று. பிறகு நாலைந்து ஒன்றின்மேல் ஒன்று விழுந்தடித்துக்கொண்டு.

"சம்பந்தியம்மா" என்றாள். கையை விடாமல், "இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறன். இப்பவே."

"என்னாத்துக்கு?"

"கை சரியில்ல."

"கை சரியில்லன்னா வளையல மாத்து. இந்த நேரத்துல பஸ்ஸுல ஏத்தி, அந்தக் குண்டு குழியில குலுக்கி, ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? வண்டியில வந்ததே பெரிசு. எல்லப்பன் கேட்டா நான் என்னா சொல்லுவன்?"

அது வெங்கடம்மாளுக்கும் தெரியாமல் இல்லை. உண்மையாகவே கரு இருந்து, பஸ்ஸில் அது கலைந்தால், இந்த ஜென்மத்துக்கு அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. காவேரி அப்புறம் அங்கே எப்படி வாழ்வாள்? மகளின் உதட்டைப் பார்த்தாள். நாவற்பழம் தின்றவள்போல இருந்தது. நாவற்பழ காலம் முடிந்துவிட்டது.

"நான் பதில் சொல்றன்" என்றாள். "என்னை ஊரே காறித் துப்பட்டும். நீ வந்தா வா, வராட்டி வுடு."

மலாரத்தை அப்படியே வெள்ளையம்மாவின் பக்கம் தள்ளினாள். வெள்ளையம்மா, "புளியோட கண்ணாடியையும் சேத்து விக்கச் சொல்றியா?" என்று ஆரம்பித்தவள், அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு எழுந்து, காவேரியின் இன்னொரு பக்கம் தோள் கொடுத்தாள்.

ஓசூரிலிருந்து வந்த பஸ்ஸை மூன்று பெண்களுமாக ரோட்டில் இறங்கிக் கைகாட்டி நிறுத்தினார்கள். கண்டக்டர், "உள்ள கால் வைக்க எடமில்ல" என்றான். வெங்கடம்மாள் அவனை நகர்த்திவிட்டு மகளை ஏற்றினாள். முன் சீட்டில் இருந்த ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். சாந்தம்மா முணுமுணுத்துக்கொண்டே ஏறி, காவேரியின் வயிற்றில் கையை வைத்தபடி நின்றாள், குலுங்காமல் பிடித்துக்கொள்கிறவள்போல. வெங்கடம்மாளின் கட்டைவிரல் மணிக்கட்டை விட்டு நகரவில்லை. கிருஷ்ணகிரி போய்ச் சேரும்வரை அவள் ரோட்டையே பார்க்கவில்லை. துடிப்பு நின்ற ஒவ்வொரு முறையும் அவளும் மூச்சை நிறுத்தினாள். அது திரும்பி வந்த பிறகுதான் விட்டாள்.

ஆஸ்பத்திரியில் இளவயசு டாக்டர். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், முதுகில் கேட்டார், கழுத்து நரம்பைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். காலில் விரலால் அழுத்தி, விழுந்த குழியைப் பார்த்தபடி நின்றார்.

"எத்தனை நாளா மூச்சு வாங்குது?"

காவேரியே சொன்னாள்: "காய்ச்சல் விட்டதுலருந்து."

"மாசமா இருக்குதுங்க" என்றாள் சாந்தம்மா.

"இல்லம்மா" என்றார் டாக்டர். "வயித்துல இருக்கறது தண்ணி. ஈரலும் வீங்கியிருக்கு. அந்த ஃப்ளூ காய்ச்சல் கிருமி இருதயத்துச் சதையைப் புடிச்சிருக்கு. இருதயம் தளந்துபோச்சு, ரத்தத்தைத் தள்ள முடியல. அதான் தண்ணி தேங்குது, கையில, கால்ல, நுரையீரல்ல."

"இருதயமா?" என்றாள் வெங்கடம்மாள். அது கிழவர்களுக்கு வருகிற வியாதி. பணக்காரர்களுக்கு வருகிறது. "காய்ச்சல்தான் போயிடுச்சுங்களே."

"காய்ச்சல் போயிடுச்சு. அது செஞ்சுட்டுப் போன வேலை போகல. ஆயிரத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகும்."

கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தினார்கள். மூக்குக்கு ரப்பர் குழாய் வந்தது. ஜெபசீலி என்கிற நர்ஸ் ஊசியோடு வந்து காவேரியின் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த வீக்கத்துல நரம்பே தெரியலையே. கையெல்லாம் நீலம் பாயுது. வளையல் ரத்தத்தைக் கட்டிப்போட்டிருக்கு. இதைக் கழட்டுங்க."

வெங்கடம்மாள் சோப்புக் கேட்டாள். நுரை போட்டாள், எண்ணெய் போட்டாள், புடவைத் துண்டைச் சுற்றி இழுத்தாள். காவேரி கத்தக்கூடத் தெம்பில்லாமல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஒரு வளையலும் அசையவில்லை. முப்பது வருஷத்தில் கழற்ற முடியாத வளையல் என்று அவள் ஒன்றையும் கண்டதில்லை.

"உடைச்சிருங்க" என்றாள் ஜெபசீலி. "நேரம் போகுது."

சாந்தம்மா கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "உடைக்கறதா? எம் மவன் கல்லுக்குண்டாட்டம் லாரியில போய்க்கிட்டிருக்கான். மலைப்பாதையில வண்டி ஓட்டற புள்ள. அவன் பொண்டாட்டி கையில வளையலை உடைப்பீங்களா? ஏம்மா நர்ஸம்மா, நீயும் பொம்பளதான?"

"நான் வளையலே போடறதில்லம்மா" என்றாள் ஜெபசீலி. "என் வூட்டுக்காரர் நல்லாத்தான் இருக்கார்." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சின்ன இடுக்கியை நீட்டினாள். சாந்தம்மாவிடமல்ல, வெங்கடம்மாளிடம்.

வெங்கடம்மாள் இடுக்கியை வாங்கினாள். எல்லப்பனின் முகம் வந்தது. லாரியின் முன்விளக்குகள் வந்தன. பேட்டைக் கடையில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணப்பன் வந்தார். வளையல் உடைத்த கையை எந்த வீட்டில் இனி நீட்டுவது என்பதும் வந்தது. இத்தனையும் ஒரு மூச்சுக்குள். அப்புறம் மகளின் மணிக்கட்டில் அந்தத் துடிப்பு மறுபடி நின்றது.

"நான் போட்டது. நானே எடுக்கறன்" என்றாள். "பாவம் வந்தா எனக்கு வரட்டும், உம் புள்ளைக்கு வராது. தள்ளிக்க."

இடுக்கியால் முதல் வளையலின் விளிம்பைக் கவ்வி அழுத்தினாள். 'டக்' என்றது. சாந்தம்மா காதைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். பன்னிரண்டு வளையல். சதையில் சில்லு ஏறாமல், ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் கவ்வி, துண்டு துண்டாகத் தன் முந்தானையில் எடுத்துக்கொண்டாள். கடைசி வளையல் போனதும் புதைந்த இடத்தில் சிவந்த கோடுகள் மட்டும் இருந்தன. சற்று நேரத்தில் விரல் நுனியில் நிறம் திரும்பியது. ஜெபசீலி நரம்பைக் கண்டுபிடித்து ஊசியை ஏற்றினாள்.

சிறுநீர் போக வைக்கிற ஊசி அது. அன்று சாயந்திரத்துக்குள் காவேரி ஒரு குடம் தண்ணீர் வெளியே தள்ளினாள் என்று வெங்கடம்மாள் பிற்பாடு எல்லோரிடமும் சொல்வாள். ஆனால் டாக்டர், "இன்னிக்குப் பொழைச்சதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. துடிப்பு எப்ப வேணாலும் தடம் மாறும். கட்டிலை விட்டு எறங்கக் கூடாது. உப்பு ஒரு கல் கூடாது" என்றார்.

உப்பு என்றதும் சாந்தம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தினம் ரெண்டு துண்டு ஊறுகா நானே கையில குடுத்தன்" என்றாள். "உப்புக் கருவாடு வறுத்துப் போட்டன். நல்லாத் தின்னுடி, புள்ளைக்குன்னு சொன்னன்."

வெங்கடம்மாளுக்கு வாய் வரை வந்தது, நல்ல காரியம் செஞ்சே என்று. முந்தானையில் இருந்த பச்சைக் கண்ணாடி குத்திற்று. "ரெண்டே கால் ஏறலன்னதும் ரெண்டரையைத் தேடி எடுத்தவ நான்" என்றாள். "கையைப் புடிச்சே ஊரெல்லாம் சொல்லுவன். எம் பொண்ணு கையைப் புடிச்சு எனக்கு ஒண்ணும் தெரியில."

மூன்றாம் நாள் எல்லப்பன் வந்தான். கீறல்கூட இல்லாமல் வந்தான். சாந்தம்மா அவன் தோள், முழங்கை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "போ, உள்ள போய்ப் பாரு" என்றாள். காவேரியின் வெறும் கைகளைப் பார்த்து அவன் முகம் மாறியது. என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாந்தம்மாவே பதில் சொல்லியிருப்பாள்.

நாற்பது நாள் அந்தக் கட்டிலில். இருதயத்துக்கென்று ஒரு மாத்திரை இருந்தது. அதைக் கொடுக்கும் முன் ஜெபசீலி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காவேரியின் நாடியை எண்ணுவாள். அறுபதுக்குக் கீழே போனால் கொடுக்க மாட்டாள். கடிகாரம் பார்க்கத் தெரியாத வெங்கடம்மாள் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்வாள். "ஒண்ணு விட்டுச்சு" என்பாள். "ஆமா, விட்டுச்சு" என்பாள் ஜெபசீலி. பதிமூன்றாம் நாள் அது இரண்டு நிமிஷம் தாறுமாறாக ஓடி, காவேரிக்குக் கண் மேலே செருகிற்று. டாக்டர் ஓடி வந்தார். வெங்கடம்மாளை வெளியே நிறுத்தினார்கள். அந்தக் கதவுக்கு வெளியே நின்ற நேரத்தைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. கதவு திறந்து ஜெபசீலி, "வாங்க, கையைப் புடிச்சுப் பாருங்க" என்று சொன்னதை மட்டும் சொல்வாள்.

அதற்குப் பிறகு வீட்டிலிருந்து ஒரே ஒரு ரெண்டே கால் வளையலைக் கொண்டுவந்து முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். தினம் காலையில் காவேரியின் விரல்களைக் கூட்டி அதை மாட்டிப் பார்ப்பாள். முட்டியில் நிற்கும். எடுத்துவிடுவாள். இருபத்தாறாம் நாள் முட்டியைத் தாண்டிற்று. ஜெபசீலியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் தன் பங்குக்குக் கணுக்காலை அழுத்திப் பார்த்து, "குழி இல்ல" என்றாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆறு மாசம் கனமான வேலை கூடாது, இரண்டு வருஷத்துக்குக் குழந்தை கூடாது, இருதயம் பழையபடி ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். சாந்தம்மா தனியே உப்பில்லாமல் சமைக்க ஒரு சின்னச் சட்டி வாங்கினாள்.

வெங்கடம்மாள் மறுபடி மலாரத்தைத் தூக்கினாள். ஆஸ்பத்திரியில் வளையல் உடைத்த கதை சந்தைக்கு அவளுக்கு முன்னாலேயே போயிருந்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு வளையல்காரியைப் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் கை நீட்டினார்கள். இப்போதெல்லாம் அவள் வளையல் போட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். கையைப் பிடித்து, கட்டைவிரலை உள்பக்கம் வைத்து, "காய்ச்சல் வந்துச்சா? படுத்தா மூச்சு வருதா?" என்று கேட்பாள். "வளையக்காரி டாக்டராயிட்டா" என்று வெள்ளையம்மா கத்துவாள். வெங்கடம்மாள் சிரிப்பாள், விரலை எடுக்க மாட்டாள்.

தை மாசம் பண்டிகைக்கு மகளுக்கு வளையல் போடப் போனாள். ரெண்டே கால் கையில் தொளதொளவென்று ஏறி முழங்கை வரை ஓடிற்று.

"எப்படி எளைச்சுட்டா பாரு எம் மருமக" என்று சாந்தம்மா வருத்தப்பட்டாள். "ஒரு புடி எலும்பு."

"எளைக்கட்டும்" என்றாள் வெங்கடம்மாள். "நல்லா எளைக்கட்டும்."

கைக்கு ஆறு போட்டாள். போட்டு முடித்த பிறகும் கையை விடவில்லை.

"எத்தனை நேரம் புடிச்சிருப்ப? வுடும்மா" என்றாள் காவேரி.

"இரு."

ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டிருந்தது. இருபது வரைக்கும்தான் அவளுக்கு எண்ணத் தெரியும். இருபது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.